இன்ஜின் நின்ற பிறகு

பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் முதல் வாரத்திலேயே கேட்டுவிடுவார்கள்: "நடுவானத்துல இன்ஜின் நின்னுட்டா விழுந்துடுமா, சார்?" ஒற்றை இன்ஜின் செஸ்னாவில் ஏறப்போகிறவர்களுக்கு இந்தக் கேள்வி வரத்தான் வேண்டும். கேட்காமல் இருக்கிற பிள்ளையை நினைத்துத்தான் எனக்குக் கவலை. விழாது என்று வாயால் சொன்னால் நம்ப மாட்டார்கள். மேலே அழைத்துப்போய் த்ராட்டிலைப் பின்னுக்கு இழுத்துக் காட்ட வேண்டும். இரைச்சல் அடங்கும். மூக்கு சற்றுத் தாழும். இறக்கைமேல் காற்று ஓடும் சத்தம் அப்போதுதான் முதன்முதலாகக் காதில் விழும். ப்ரொப்பெல்லர் எதிர்க்காற்றில் சும்மா சுழன்றுகொண்டிருக்கும். விமானம் பறந்துகொண்டேதான் இருக்கும். அதுவரை பெட்ரோலைச் செலவழித்துப் பறந்தது, இனி உயரத்தைச் செலவழித்துப் பறக்கும்.

செஸ்னா 152 என்றால் இப்படி மிதந்து இறங்கும் வேகம் 60 நாட். அந்த வேகத்திலேயே வைத்திருந்தால், காற்றில்லாத நாளில், ஆயிரம் அடி உயரத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை கடல் மைல் போகலாம். 3000 அடியில் இன்ஜின் நின்றால் நாலரை மைல் தூரம், நேரக்கணக்கில் நாலு நிமிடத்துக்குச் சற்று மேல். கேட்பதற்கு நிறைய இருப்பதுபோலத் தெரியும். கை பழகாதவனுக்கு அது போதாது. பழகியவனுக்கோ அதிலும் மிச்சம் இருக்கும். நான் கற்றதும் கற்றுக்கொடுத்ததும் பெரும்பாலும் அந்த நாலு நிமிடத்துக்குள் அடங்கியதுதான்.

எனக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்தவர் புஷ்பக் காலத்து மனிதர். பெங்களூரில் ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் செய்த அந்த இருவர் விமானம் 1958இல் முதன்முதலாகப் பறந்தது. துணி போர்த்திய இறக்கை, 90 குதிரைசக்தி இன்ஜின், வாலில் சின்னச் சக்கரம். நாட்டிலுள்ள ஃப்ளையிங் கிளப்புகளில் ஒரு தலைமுறையே அதில் கற்றது. அவரும் அதில்தான் கற்றார், கற்பித்தார். செஸ்னா வந்த பிறகும் அவர் கை மாறவில்லை. யோக் என்ற கைப்பிடியை இரண்டு விரலால் பிடிப்பார். மூன்றாவது விரல் சேர்ந்தால் விமானம் ட்ரிம் ஆகவில்லை என்று பொருள், ட்ரிம் சக்கரத்தைத் திருப்பிவிட்டு மறுபடி இரண்டு விரலுக்கு வருவார். எங்கள் கையையும் அப்படியே பார்ப்பார். மாணவனின் விரல் முட்டி வெளுத்திருந்தால் அவன் என்ன சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

வகுப்பறையில் அதிகம் பேச மாட்டார். மேலே போனதும் கீழே தெரிகிற ஊரின் பெயரைக் கேட்பார், டவருக்கு ஏதாவது சொல்லச் சொல்வார், வரைபடத்தை மடித்துக் கொடுக்கச் சொல்வார். நம் கவனம் அதில் போன நேரம் பார்த்து, கார்புரேட்டரைச் சூடாக்கும் கார்ப் ஹீட்டை இழுத்து, த்ராட்டிலை மூடி, அதன்மேல் உள்ளங்கையை வைத்துவிடுவார். பிறகு ஒரே வார்த்தை: "எங்கே?"

பதிலை வாயால் சொல்லக் கூடாது. ஜன்னல் கண்ணாடியில் விரல் வைத்துக் காட்ட வேண்டும். விரலுக்குக் கீழே ஒரு வயல் இருக்க வேண்டும், குறிப்பாக இந்த வயல் என்று. அந்தப் பக்கமாக என்று கையை வீசினால், கையை எடுத்துக்கொண்டு த்ராட்டிலைத் திறந்துவிடுவார். "நீ இன்னும் கீழேயே பாக்கலடா" என்பார். அவ்வளவுதான் திட்டு. அன்று முழுக்க வேறு பாடம் நடக்காது. இப்படிச் சில மாதம் பழகியதில், அவர் கேட்காதபோதும் கண் கீழே ஓட ஆரம்பித்தது. இன்றைக்கும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் வயல்களைத் தரம் பிரித்துக்கொண்டுதான் போகிறேன். மாணவர்களிடம் நான் கேட்பதும் அந்த ஒற்றை வார்த்தைதான்.

இன்ஜின் அடங்கியதும் கை முதலில் செய்ய வேண்டியது வேகத்தைப் பிடிப்பது. இதைச் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள். மேலே போனதும் பத்தில் எட்டுப் பேர் தங்களை அறியாமல் யோக்கைத் தங்கள் பக்கம் இழுப்பார்கள். தரை மேலே ஏறி வருகிறது, விலகிப்போக வேண்டும் என்று உடம்பு சொல்கிறது. மூக்கைத் தூக்கினால் தூரம் கூடும் என்பது உடம்பின் கணக்கு. உண்மையில் 60க்குக் கீழே போகப்போக இழுவை கூடி, இறங்கும் வேகமும் கூடும், தூரம் குறையும். இன்னும் இழுத்தால் ஸ்டால், இறக்கை தூக்கும் சக்தியை இழந்துவிடும். அதனால் ட்ரிம்மைச் சொல்லிக்கொடுக்கிறேன். 60 வந்ததும் ட்ரிம்மைத் திருப்பு, கையை எடு, விமானம் தானாக அந்த வேகத்தில் நிற்கிறதா பார். நின்றால் உன் மூளை வேறு வேலைக்குக் கிடைக்கும்.

போய்ச் சேருமா சேராதா என்பதைக் கண்ணாடி சொல்லும். இறங்க நினைக்கும் இடத்தின் மேல் பார்வையை நிறுத்த வேண்டும். அந்த இடம் கண்ணாடியில் மேலே ஏறிக்கொண்டே போனால் நாம் அதற்கு முன்னாலேயே தரையைத் தொட்டுவிடுவோம். கீழே நழுவினால் தாண்டிவிடுவோம். அசையாமல் ஓரிடத்தில் நின்று பெரிதாகிக்கொண்டே வந்தால் சரியாக வருகிறோம். பயிற்சியில் நன்றாகத் தேறிக்கொண்டிருந்த ஒரு பெண் இதில் மட்டும் தடுமாறினாள். காரணம் புரிய எனக்கு நாளாயிற்று. இருக்கையை ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு உயரத்தில் வைத்துக்கொண்டிருந்தாள். கண் இருக்கும் உயரம் மாறினால் அந்த இடம் கண்ணாடியில் தெரியும் உயரமும் மாறும். இருக்கையை ஒரே பள்ளத்தில் பூட்டி, கண்ணாடிக்கும் கண்ணுக்கும் உள்ள உறவை நிலைப்படுத்தினோம். பிரச்சினை தீர்ந்தது.

வேகமும் இடமும் கைக்கு வந்த பிறகு, இன்ஜினை எழுப்ப முடியுமா என்று பார்க்கலாம். 152இல் கை போகும் பாதை எனக்கு இப்படி: இரு இருக்கைக்கும் நடுவே தரையிலுள்ள எரிபொருள் வால்வு திறந்திருக்கிறதா, அங்கிருந்து மேலே வந்து மிக்ஸ்சர் முழுதாக உள்ளே, பக்கத்தில் த்ராட்டில், அதற்கு இடப்பக்கம் கார்ப் ஹீட் வெளியே, இன்னும் இடப்பக்கம் போய் மேக்னெட்டோ சாவி இரண்டிலும், கடைசியில் ப்ரைமர் உள்ளே பூட்டியிருக்கிறதா. தரையிலிருந்து தொடங்கி மேலே ஏறி இடப்பக்கம் ஓடும் ஒரே கோடு. என் ஆசான் ஹாங்கரில் நிற்கும் விமானத்தில் உட்காரவைத்து, கைக்குட்டையால் கண்ணைக் கட்டி, ஒவ்வொன்றாகத் தொடச் சொல்வார். அட்டையைப் பார்த்துப் படிப்பது அதற்கப்புறம். உயரம் இருந்தால் அட்டையை எடுத்துச் சரிபார்க்கலாம், இல்லாவிட்டால் விரல் படித்ததே போதும்.

இன்ஜின் ஏன் நிற்கிறது? உள்ளுக்குள் பழுதாகி வெடித்துச் சிதறுவதெல்லாம் அபூர்வம். பெரும்பாலும் பெட்ரோல் போய்ச் சேரவில்லை, அல்லது பெட்ரோலோடு வேறெதுவோ போய்ச் சேர்ந்தது. கார்புரேட்டர் ஐஸ் என்றதும் நம்மூர்ப் பிள்ளைகள் சிரிப்பார்கள், வெயில் கொளுத்துகிற ஊரில் ஐஸா என்று. கார்புரேட்டரின் குறுகிய கழுத்தில் காற்று விரைந்து அழுத்தம் குறையும், அதே இடத்தில் பெட்ரோல் ஆவியாகும். இரண்டும் சேர்ந்து 30 டிகிரிக்கு மேல்கூடக் குளிரவைக்கும். ஈரப்பதமான காலையில், த்ராட்டிலைக் குறைத்து இறங்கும்போது, அந்தக் கழுத்தில் ஐஸ் படிய வெயில் ஒரு தடையல்ல. ஆர்பிஎம் சத்தமில்லாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். கார்ப் ஹீட்டை இழுத்ததும் ஐஸ் உருகித் தண்ணீராக இன்ஜினுக்குள் போகும். அப்போது இன்ஜின் முன்னைவிட மோசமாக உதறும். இங்கேதான் புதியவர்கள் பயந்துபோய்க் கார்ப் ஹீட்டைத் திரும்ப உள்ளே தள்ளிவிடுவார்கள். தள்ளக் கூடாது. உதறல் மருந்து வேலை செய்வதன் அடையாளம். பொறுத்திருந்தால் சுத்தமாகிவிடும்.

தண்ணீருக்கு வருவோம். பாதி நிரம்பிய டாங்க்கில் இரவு முழுக்க ஈரக்காற்று நின்றால் உட்சுவரில் நீர் கோத்துக் கீழே இறங்கும். மழைக்காலத்தில் டாங்க் மூடியின் ரப்பர் இளகியிருந்தால் நேராகவே இறங்கும். அதனால் சாயந்தரமே டாங்க்கை நிரப்பிவைப்போம். காலையில் இரண்டு இறக்கைக்கடியிலும் ஸ்ட்ரெய்னரிலும் கண்ணாடிக் குப்பியில் பிடித்துப் பார்ப்போம். 100எல்எல் பெட்ரோல் வெளிர்நீலமாக இருக்கும். தண்ணீர் அடியில் முத்தாக உருளும். ஒரு நுணுக்கம் சொல்கிறேன், எங்கள் கிளப்பின் ஏஎம்இ, அதாவது விமானப் பராமரிப்புப் பொறியாளர், சொல்லிக்கொடுத்தது. குப்பி முழுக்கவே தண்ணீராக இருந்தால் அடியில் கோடு எதுவும் தெரியாது, சுத்தமான பெட்ரோல் என்று நினைத்து நகர்ந்துவிடுவோம். அதனால் குப்பியை விமானத்தின் வெள்ளை உடம்புக்கு எதிரே பிடித்து நீலத்தைத் தேட வேண்டும், முகர்ந்தும் பார்க்க வேண்டும். அவர் மூன்றாவது காரியமும் செய்வார்: ஒரு சொட்டைப் புறங்கையில் விட்டு, சில்லென்று ஆவியாகிறதா பார்ப்பார். அந்த மனிதர் கையெழுத்துப் போட்ட விமானத்தில் நான் யோசிக்காமல் ஏறுவேன். 1700 ஆர்பிஎம்மில் மேக்னெட்டோவை ஒவ்வொன்றாகப் பார்க்கும்போது 125க்கு மேல் குறைந்தாலோ, இரண்டுக்கும் நடுவே 50க்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ, யார் அவசரப்படுத்தினாலும் திரும்பி ஹாங்கருக்கு வந்துவிட வேண்டும். தரையில் தெரிந்த கோளாறைத் தரையிலேயே விட்டுவருவதும் இந்தப் பாடத்தைச் சேர்ந்ததுதான்.

இனி வயல். இதைப் புத்தகத்தில் படித்துக் கற்க முடியாது, ஏனென்றால் புத்தகம் வேறு நாட்டு வயலைப் பற்றிப் பேசுகிறது. நம்மூர் நிலம் மாதத்துக்கு மாதம் மாறும். தை அறுவடைக்குப் பின் தாள் நிற்கும் நெல் வயல் நல்ல இடம். ஆனால் வரப்பு உண்டு. மேலிருந்து மெல்லிய கோடாகத் தெரியும் வரப்பு கீழே முழங்கால் உயரம் இருக்கும். முன்சக்கரம் அதில் மோதினால் முறியும். ஆகவே வயலின் நீளவாக்கில், வரப்புக்கு இணையாக வர வேண்டும். ஐப்பசி கார்த்திகையில் பளபளவென்று கண்ணாடியாகத் தெரிவது தண்ணீர் கட்டிய நடவு வயல். பார்க்க மெத்தையாகத் தெரியும், சக்கரம் புதைந்து விமானம் மல்லாந்துவிடும். உழுத நிலமானால் சாலோடு சாலாக. நிலக்கடலை, உளுந்து, எள் இவை தாழ்ந்த பயிர், தாராளமாக இறங்கலாம். கரும்பு ஆளைவிட உயரம். வேறு வழியில்லாமல் கரும்புக்குள்தான் போக வேண்டும் என்றால், கரும்பின் தலையையே தரை என்று வைத்துக்கொண்டு அதன்மேல் மெதுவாக உட்கார வேண்டும். கோடையில் வற்றிய ஏரிப் பரப்பு நீளமாகவும் கெட்டியாகவும் இருக்கும், கருவேல மரங்களையும் நடுவில் ஓடும் ஓடையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். கரிசல் காட்டில் கோடையில் பெரிய பெரிய நிலங்கள் கிடைக்கும். மழை பெய்த மறுநாள் அதே கரிசல் சக்கரத்தை விடாது.

மின்கம்பி மேலிருந்து தெரியவே தெரியாது. கம்பியைத் தேடாதே, கம்பத்தைத் தேடு. நம் ஊரில் இன்னொரு தடயம் உண்டு: கிணறு. கிணறு இருந்தால் பக்கத்தில் மோட்டார் கொட்டகை, கொட்டகைக்கு ஒரு கம்பி வந்தே தீரும். அது எங்கிருந்து வருகிறது என்று மனதுக்குள் கோடு இழுத்துப் பார்த்துவிட வேண்டும். நெடுஞ்சாலை நேராக, வழவழவென்று அழைக்கும். இரண்டு ஓரமும் விளக்குக் கம்பம், நடுவில் தடுப்பு, லாரி. சாலையில் போகிறவர்கள் நம் பிரச்சினைக்குச் சம்பந்தமில்லாதவர்கள். காலியான வயல் இருக்கும்போது சாலையைத் தேர்ந்தெடுக்க என் மனம் ஒப்பியதில்லை.

காற்று எங்கிருந்து அடிக்கிறது என்பதும் கீழேதான் எழுதியிருக்கும். செங்கல் சூளைப் புகை, கட்சிக் கொடி, மொட்டை மாடியில் காயும் சேலை. ஏரியில் கரையோரம் ஒரு பட்டையாக அலையில்லாமல் வழவழப்பாகத் தெரிந்தால் காற்று அந்தக் கரையிலிருந்து வருகிறது. தெற்கே காற்றாலை நிற்கும் ஊர்களில் அவற்றின் முகமே காற்றுக்கு எதிராகத் திரும்பியிருக்கும். கடற்கரைப் பக்கம் காலையில் நிலக்காற்று, பகலில் கடல்காற்று திரும்பிவிடும் என்பதைக் கிளம்பும்போதே நினைவில் வைத்திருந்தால் பாதி வேலை முடிந்தது.

வயலைத் தேர்ந்தபின் அதை விட்டு விலகிப் போகக் கூடாது. இடப்பக்கம், இறக்கைக்குக் கீழே, எப்போதும் கண்ணில் படும்படி வைத்துக்கொண்டு அதன் தலைமாட்டிலேயே சுற்றி இறங்க வேண்டும். ஆயிரம் அடியில் டவுன்விண்டில், அதாவது இறங்கும் திசைக்கு எதிராக இணையாகப் பறக்கும் பகுதியில், வழக்கமான சர்க்யூட்டில் எந்த இடத்தில் இருப்போமோ அந்த இடத்துக்கு வந்துவிட்டால் கை தினமும் செய்கிற வேலையைச் செய்யும். அங்கிருந்து குறுக்கே திரும்பும் பேஸ் லெக்கில் முடிவெடுக்கிறோம்: உயரம் அதிகமானால் ஃப்ளாப், அதற்குமேல் என்றால் சைடுஸ்லிப், சற்று வெளியே வளைந்தும் வரலாம். உயரம் குறைந்துவிட்டால் செய்வதற்கு ஒன்றுமில்லை. அதனால் வயலின் முதல் மூன்றில் ஒரு பங்கு முடியும் இடத்தைக் குறிவைத்து வருவோம், கடைசி ஃப்ளாப்பை வயல் நிச்சயம் என்று தெரிந்த பிறகே இறக்குவோம். பயிற்சியில் மாணவர்கள் பெரும்பாலும் தோற்பது இங்கே. நல்ல வயலைத் தேர்ந்து, நன்றாக வந்து, கடைசியில் அதைவிட அழகான வயல் ஒன்று பக்கத்தில் தெரிந்ததும் மனம் மாறுவார்கள். இரண்டும் கிடைக்காது. 500 அடிக்குக் கீழே மனம் மாறக் கூடாது என்பது எங்கள் கிளப்பில் எழுதாத சட்டம்.

பயிற்சியில் த்ராட்டிலை மூடி இறங்கும்போது ஆயிரம் அடிக்கு ஒருமுறை அதைத் திறந்து இன்ஜினைச் சூடாக்கிக்கொள்ளவும் மறக்கக் கூடாது. போலியாக நிறுத்திய இன்ஜின் குளிர்ந்துபோய் நிஜமாகவே நின்றுவிட இடம் கொடுக்கலாமா?

புறப்பட்டவுடன் நிற்கிற இன்ஜினுக்கு மேலே சொன்ன நிதானம் எதுவும் கிடையாது. ரன்வேயைத் தாண்டி 400 அடியில் இருக்கும்போது நின்றால் மூக்கை உடனே இறக்கு, முன்னால் தெரிகிற அரைவட்டத்துக்குள் ஏதாவது ஓரிடத்தைப் பிடி. பின்னால் நல்ல ரன்வே இருக்கிறது, திரும்பிவிடலாம் என்று தோன்றும். 180 டிகிரி திரும்பினால் ரன்வேக்குப் பக்கத்தில் ஒரு கோட்டில் நிற்போம், ரன்வேமேல் அல்ல. இன்னும் வளைந்து, திரும்ப எதிர்ப்பக்கம் வளைந்து நேராக்க வேண்டும். 65 நாட் வேகத்தில் 45 டிகிரி சாய்த்தால் வளைவின் ஆரமே 110 மீட்டருக்கு மேல். அந்தச் சாய்வில் ஸ்டால் வேகம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடும். திகைப்பில் போகிற மூன்று நான்கு விநாடியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். திரும்பவே கூடாது என்று நான் சொல்வதில்லை. உன் விமானத்தில், உன் கையால், பாதுகாப்பான உயரத்தில் செய்துபார்த்து எத்தனை அடி போகிறது என்று அளந்து வை. அளக்காதவனுக்குத் திரும்ப உரிமை இல்லை. ஒவ்வொரு டேக்ஆஃபுக்கு முன்னாலும், இந்த உயரத்துக்குக் கீழே நின்றால் நேராக, இந்தப் பக்க வயலில், என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் எங்கள் பிள்ளைகள் த்ராட்டிலைத் திறப்பார்கள்.

ரன்வே ஆசையை விடுவதற்கு நான் எடுத்துவைக்கும் உதாரணம் 2015 மார்ச் 5 அன்று கலிஃபோர்னியாவின் சான்டா மோனிகாவில் நடந்தது. ரயன் பிடி-22 என்ற இரண்டாம் உலகப்போர்க் காலத்துப் பயிற்சி விமானம், ஐந்து சிலிண்டர் கின்னர் இன்ஜின். கிளம்பிச் சில நிமிடத்தில், சுமார் 1100 அடியில் இன்ஜின் சக்தி இழந்தது. விமானி ரன்வேக்குத் திரும்ப முயன்றார். எட்டாது என்று தெரிந்ததும் அந்த எண்ணத்தை விட்டுவிட்டு, பக்கத்திலிருந்த கோல்ஃப் மைதானத்துக்கு விமானத்தைக் கொண்டுபோனார். உயரமான மரத்தின் நுனியில் இடித்து, தரையில் மோதி நின்றது. பலத்த காயம், ஆனால் பிழைத்தார். வெளியில் யாருக்கும் சேதமில்லை. ஓட்டியவர் ஹாரிசன் ஃபோர்ட் என்பதால் உலகம் முழுக்கச் செய்தியானது. எங்களுக்கு அதில் பாடம் வேறு. விசாரணையில் கார்புரேட்டருக்குள் பிரதான ஜெட் தன் இருக்கையிலிருந்து கழன்று திரும்பியிருந்தது தெரிந்தது. பெட்ரோல் அளவுக்குமீறிப் பாய்ந்து இன்ஜின் மூச்சுமுட்டியிருக்கிறது. விரல் நுனியளவு திருகு. தோள்பட்டை வார் சரியாக வடிவமைத்துப் பொருத்தப்படாததால் காயம் கடுமையானது என்றும் அறிக்கை சொன்னது. ரன்வே ஆசையை அவர் கைவிட்ட அந்தக் கணத்தைத்தான் நான் மாணவர்களிடம் நிறுத்திப் பேசுவேன். இன்னும் கொஞ்சம் இழுத்துப் பார்ப்போம் என்று மூக்கைத் தூக்கியிருந்தால் கதை வேறு.

முழுதாக நிற்கிற இன்ஜினைவிடப் பாதி நிற்கிற இன்ஜின் பொல்லாதது. ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு 2000 முதல் 2010 வரை ஒற்றை இன்ஜின் விமானங்களில் டேக்ஆஃபுக்குப் பின் சக்தி ஓரளவு குறைந்த 242 நிகழ்வுகளை எடுத்து ஆராய்ந்தது. ஒன்பதில் உயிர் போயிருக்கிறது. முழுதாக நின்றால் மனம் தெளிந்துவிடும், இறங்கியாக வேண்டும். பாதி ஓடினால் நம்பிக்கை ஓடிக்கொண்டே இருக்கும்.

எனக்கு நேர்ந்ததும் அப்படித்தான். ஒரு பங்குனி மாதக் காலை, பக்கத்தில் ஐம்பது மணி நேரம்கூடப் பறந்திராத ஒரு மாணவன். 2000 அடிக்குச் சற்றுக் கீழே, இன்ஜின் திடீரென்று உடம்பையே உலுக்க ஆரம்பித்தது. டயல் முள்ளைப் படிக்கவே சிரமமாகும் அளவுக்குப் பலகை ஆடியது. ஆர்பிஎம் 1800க்கு இறங்கியது. கார்ப் ஹீட், மிக்ஸ்சர், மேக்னெட்டோ எல்லாவற்றையும் அவனே வரிசையாகப் பார்த்தான், எதற்கும் அசையவில்லை. எட்டு மைலில் எங்கள் ரன்வே. நடுவில் ஒரு டவுன், பஸ் ஸ்டாண்ட், மார்க்கெட், பள்ளிக்கூடம். "இப்படியே ஓடினா போயிடலாம், சார்" என்றான். கணக்குப்படி போயிருக்கலாம். "இப்போ நின்னா எங்கே?" என்றேன். அவன் விரல் கண்ணாடிக்குப் போயிற்று. இடப்பக்கம் வற்றிய ஏரி, நீளமாக, வெளிர்ப் பழுப்பில், ஓரத்தில் மட்டும் கருவேலம். "அப்ப அங்கேயே போப்பா" என்றேன்.

கண்ட்ரோலை நான் வாங்கவில்லை. அவன் கை 60இல் நன்றாக நின்றது, வாங்கினால் அதைக் கெடுத்திருப்பேன். மேடே நான் சொன்னேன், ட்ரான்ஸ்பாண்டரில் 7700 வைத்தேன். ஏரிக்கரைக்கு மேலே வந்ததும், இடம் நிச்சயமானதும், அவனே த்ராட்டிலை மூடி மிக்ஸ்சரை இழுத்து அந்த உலுக்கலை நிறுத்தினான். பாதி ஓடுகிற இன்ஜின் கடைசி நேரத்தில் திடீரென்று சக்தி தந்தால் போட்ட கணக்கு முழுக்கத் தப்பும். வெடித்த வண்டலின் மேல் சக்கரம் கடகடவென்று ஓடி நின்றது. இறங்கிப் பார்த்தால் முன்சக்கரத்தின் மூடியில் ஒரு கீறல். பிறகு ஏஎம்இ பிரித்தபோது ஒரு சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு சிக்கியிருந்தது. அந்த மாணவனைப் பற்றி எனக்கு இன்றும் பெருமை. அவன் கையைப் பற்றி என்று சொல்வது இன்னும் சரி.

தரையைத் தொடும் நேரத்துக்கு வருகிறேன். அந்தக் கட்டத்தில் விமானத்தைக் காப்பாற்றும் ஆசையை விட்டுவிட வேண்டும். இறக்கை, சக்கரம், மூக்கு எல்லாம் உடையட்டும், நடுவிலுள்ள கூண்டு உடையாமல் இருந்தால் போதும். ஒன்பது ஜி வரை முன்னோக்கிய அதிர்ச்சியைத் தாங்கும்படிதான் இந்த விமானங்களைக் கட்டுகிறார்கள். அந்த அளவில் சீராக நின்றால், மணிக்கு 50 மைல் வேகத்தில் வருகிற விமானத்துக்குப் பத்தடிக்கும் குறைவான தூரம் போதும். 100 மைல் என்றால் அதைப்போல் நான்கு மடங்கு, 37 அடிக்கு மேல். வேகம் இரட்டித்தால் அழிவு நான்கு மடங்கு. எதிர்க்காற்றில் இறங்கச் சொல்வதும், முழு ஃப்ளாப்பில் மிகக் குறைந்த வேகத்தில் தொடச் சொல்வதும் இதற்காக. மரம் தவிர்க்க முடியாவிட்டால் மூக்கை மரத்துக்குக் கொடுக்காமல் இரண்டு மரத்துக்கு நடுவே நுழைந்து இறக்கைகளைக் கொடுக்க வேண்டும். எது வந்தாலும் ஸ்டாலில் விழாமல், கட்டுப்பாட்டோடு, வாலைச் சற்றுத் தாழ்த்தித் தொட வேண்டும்.

தொடுவதற்கு முன் மிக்ஸ்சர், எரிபொருள் வால்வு, மேக்னெட்டோ மூன்றும் அணைந்திருக்க வேண்டும். மாஸ்டர் ஸ்விட்ச்சைக் கடைசியில் அணைக்கச் சொல்வேன். செஸ்னாவின் ஃப்ளாப் மின்சாரத்தில் ஓடுவது. மாஸ்டரை முந்தி அணைத்துவிட்டு, பிறகு ஃப்ளாப் லீவரைக் கீழே தள்ளி, ஏன் இறங்கவில்லை என்று திகைத்த மாணவர்களை ஹாங்கரிலேயே பார்த்திருக்கிறேன். ஃப்ளாப் இறங்கி முடிந்ததைக் கண்ணால் பார், பிறகு மாஸ்டர். கதவின் தாழை எடுத்துக் கொஞ்சம் திறந்துவிட வேண்டும், மோதலில் சட்டம் கோணினால் கதவு சிக்கிக்கொள்ளும். பெல்ட்டை இன்னொரு பிடி இறுக்க வேண்டும். பக்கத்தில் இருப்பவரிடம் கண்ணாடியையும் பாக்கெட்டிலுள்ள பேனாவையும் எடுத்துவிடச் சொல்ல வேண்டும்.

நின்றதும் உடனே இறங்கி, காற்று வரும் திசையாக விலகி நில்லுங்கள். எங்கிருந்துதான் வருவார்களோ, ஆளே இல்லாத காட்டில் பத்து நிமிடத்தில் நூறு பேர் கூடிவிடுவார்கள். தண்ணீர் கொடுப்பார்கள், தோளைப் பிடித்து உட்காரவைப்பார்கள். ஏரியில் இறங்கிய அன்று ஒரு அம்மா தன் தலைச்சும்மாட்டை உதறி அந்த மாணவனுக்கு விசிறிவிட்டார். வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் நன்றி சொல்கிற மூச்சிலேயே பீடியை அணைக்கச் சொல்லுங்கள். இறக்கையில் ஓட்டை விழுந்திருந்தால் பெட்ரோல் சொட்டிக்கொண்டிருக்கும். பிள்ளைகள் இறக்கைமேல் ஏறப் பார்ப்பார்கள், ப்ரொப்பெல்லரைச் சுற்றிப் பார்ப்பார்கள். மேக்னெட்டோவில் கோளாறு இருந்தால் அணைத்த இன்ஜின்கூட ஒரு சுற்றுச் சுற்றும். கூட்டத்தில் பெரியவர் ஒருவரைப் பிடித்துக் காவல் நிற்கச் சொல்லுங்கள். விசாரணை அதிகாரிகள் அனுமதிக்கும்வரை எதையும் நகர்த்தக் கூடாது என்று அவரிடம் விளக்கமாகச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு கிளப்புக்கு ஃபோன் போடுங்கள்.